குறைந்த விலையில் நல்ல மது: கொடுக்கும் காசு எங்கே போகிறது?

மதுவைப் பற்றிப் பேச்செடுத்தால் மூன்று தீர்ப்புகள் உடனே வந்து விழும். விலை கூடினால் சரக்கு நல்லது. பழசானால் ருசி ஏறும். மட்டமானதைக் குடித்தால்தான் மறுநாள் தலை வலிக்கும். மூன்றும் பாதி உண்மை. எந்த மதுவுக்கு எது பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காமல் ஒயினுக்கும் பீருக்கும் விஸ்கிக்கும் ஒரே தீர்ப்பைச் சொல்வதில்தான் கோளாறு. அதனால் தேவையில்லாத இடத்தில் அள்ளிக் கொடுக்கிறோம். கொடுத்தால் பலன் இருக்கும் இடத்தில் கையை இறுக்கிக்கொள்கிறோம்.

எந்த பிராண்டை வாங்கலாம் என்ற பட்டியல் இங்கே கிடைக்காது. அப்படிப்பட்ட பட்டியல் சீக்கிரம் பழசாகிவிடும். கொடுக்கும் காசில் எவ்வளவு நாக்குக்கு வந்து சேர்கிறது, எவ்வளவு வேறு எங்கோ போகிறது என்று கணக்குப் பார்க்கத் தெரிந்தால் பட்டியலே தேவைப்படாது.

பாட்டிலோடு போய்விடும் காசு

ஒரு புத்தகத்தைத் தபாலில் வரவழைக்கிறீர்கள். புத்தகம் மலிவானதோ விலை கூடியதோ, தபால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். மிக மலிவான புத்தகம் என்றால் கொடுக்கிற பணத்தில் பெரும்பகுதி தபாலுக்கே போய்விடும். அதைவிடக் கொஞ்சம் விலை கூடியதை எடுத்தால், கூடுதலாகக் கொடுத்தது முழுக்கப் புத்தகத்துக்கே சேரும்.

மதுவிலும் அப்படித்தான். கண்ணாடி, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி, லாரி வாடகை ஆகியவை உள்ளே என்ன ஊற்றினாலும் பெரிதாக மாறாது. இவற்றை நிலைச்செலவு என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளில் மது மீதான தீர்வையும் பாட்டிலின் விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. லிட்டர் கணக்கிலோ ஆல்கஹால் அளவை வைத்தோ விதிக்கிறார்கள். ஆக அதுவும் நிலைச்செலவோடு சேர்ந்துவிடுகிறது.

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். கடையிலேயே மிக மலிவான ஒயினின் விலையை 100 பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். நிலைச்செலவும் வரியும் லாபமும் 80 பங்கு போனால் ஒயினுக்கு மிஞ்சுவது 20. இப்போது 150 பங்கு விலையுள்ள பாட்டிலை எடுங்கள். லாபம் சற்றுக் கூடினாலும் ஒயினுக்கு 60 பங்கு வரை கிடைக்கும். விலை ஒன்றரை மடங்கு. உள்ளே இருப்பதற்குச் செலவானது மூன்று மடங்கு. விலைப் பட்டியலின் வேறெந்தப் படியிலும் இவ்வளவு பெரிய தாவல் கிடையாது.

மேலே போகப் போகக் கணக்கு மாறுகிறது. நல்ல திராட்சை, கவனமான அறுவடை, நல்ல பீப்பாய் எல்லாவற்றுக்கும் செலவு செய்து முடித்த பிறகும் விலை ஏறிக்கொண்டே போனால், அது செய்கூலி அல்ல. குறைந்த அளவே விளையும் ஒரு தோட்டத்துக்குப் பலர் போட்டி போடுவதால் வரும் விலை அது. அபூர்வம் நாக்கில் தெரிவதில்லை.

சுருக்கமாக: அடிமட்டப் பாட்டிலில் பெரும்பகுதி கண்ணாடிக்கும் வரிக்கும் போகிறது, உச்சியில் பெரும்பகுதி அபூர்வத்துக்குப் போகிறது. ருசிக்குக் கொடுக்கும் காசு அடியிலிருந்து ஒன்றிரண்டு படி மேலே இருக்கிறது.

நொதித்தல், வடித்தல்

மேற்கொண்டு போவதற்கு இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுவது நொதித்தல். திராட்சைச் சாறு நொதித்தால் ஒயின். முளைகட்டிய பார்லியின் சாறு நொதித்தால் பீர். நொதித்ததைச் சூடாக்கி, தண்ணீருக்கு முன்பே 78 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும் ஆல்கஹாலின் ஆவியைப் பிடித்துக் குளிர்விப்பது வடித்தல். விஸ்கி, ரம், பிராந்தி, வோட்கா, ஜின் எல்லாம் இப்படி வடித்தவை. பொதுவாக ஸ்பிரிட் என்கிறோம்.

காலம் தேவைப்படாத ஸ்பிரிட்டுகள்

குறைந்த பட்ஜெட்டுக்கு மிக வசதியானது வோட்கா. வோட்காவின் நோக்கமே தனி மணமும் தனிச் சுவையும் இல்லாமல் இருப்பது. ஐரோப்பிய விதிப்படி தானியம், உருளைக்கிழங்கு போன்ற விளைபொருளிலிருந்து வரும் நடுநிலை ஆல்கஹாலை 96 சதவீதத்துக்குக் குறையாமல் வடிக்க வேண்டும். அந்த அளவுக்கு வந்த பிறகு எதிலிருந்து வடித்தார்கள் என்பதன் தடயம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சும். பிறகு தண்ணீர் சேர்த்து 40 சதவீத வாக்கில் இறக்குகிறார்கள். பீப்பாய் இல்லை, காத்திருப்பு இல்லை. அப்புறம் எதற்குப் பத்து மடங்கு விலை? பெரும்பாலும் பாட்டிலின் வடிவத்துக்கும் விளம்பரத்துக்கும்.

"ஐந்து முறை வடித்தது" என்று லேபிளில் போட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். வோட்கா வடிக்கும் உயரமான தூண் வடிகலத்துக்குள் அடுக்கடுக்காகத் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொரு தட்டிலும் ஆவி குளிர்ந்து மறுபடி ஆவியாகிறது. எத்தனை முறை என்று எண்ணுவதற்கே அதில் பெரிய பொருள் இல்லை.

ஜின்னும் இதே குடும்பம்தான். நடுநிலை ஆல்கஹாலில் ஜூனிபர் காய்களையும் மற்ற மூலிகைகளையும் சேர்த்து மணமேற்றுவது ஜின். இங்கே செய்முறைக்குத் திறமை வேண்டும், காலம் வேண்டியதில்லை. "லண்டன் டிரை" என்று லேபிளில் இருந்தால் அது ஊர்ப்பெயர் அல்ல, செய்முறையின் பெயர்: வடித்த பிறகு மணமோ நிறமோ சேர்க்கக் கூடாது, இனிப்பும் பெயரளவுக்கு மேல் கூடாது. நடுத்தர விலை லண்டன் டிரை ஜின்னைப் போல் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும் ஸ்பிரிட் அரிது என்பது என் கட்சி.

மெக்சிகோவின் டெகீலா, அகேவ் என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிப்பது. அதில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு வரி: "100 சதவீதம் அகேவ்". அந்த வரி இல்லையென்றால் நொதிக்க வைத்த சர்க்கரையில் 49 சதவீதம் வரை கரும்பு போன்ற வேறு மூலங்களிலிருந்து வந்திருக்கலாம். பீப்பாயில் கிடக்காத வெள்ளை டெகீலாவில் அந்த வரியோடு வருவதை எடுத்தால் போதும்.

காலத்தை விற்கும் ஸ்பிரிட்டுகள்

விஸ்கியில் விலை ஏறுவதற்கு நிஜமான காரணம் இருக்கிறது. ஸ்காட்ச் என்று அழைக்கப்பட வேண்டுமானால் ஸ்காட்லாந்தில் ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். மரத்தின் நுண்துளை வழியாக ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் 12 ஆண்டில் பீப்பாயில் ஐந்தில் ஒரு பங்கு காலி. 25 ஆண்டில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு காலி. கிடங்கு வாடகையும் முடங்கிய முதலும் தனி. 25 வயது விஸ்கியின் விலையில் ஒரு பகுதி, காற்றில் போனதற்கு நீங்கள் கட்டும் தொகை.

அப்படியானால் வயது கூடக் கூட ருசி கூடுமா? ஓரளவு வரைதான். பீப்பாய் முரட்டுத்தனத்தைக் குறைத்து மணத்தைக் கூட்டுகிறது. அளவுக்கு மிஞ்சினால் மரத்தின் கசப்பே மேலோங்கும். வேகமும் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. வெப்பமான இடத்தில் மரத்தோடு உறவாடுவது வேகமாக நடக்கும், ஆவியாவதும் பல மடங்கு. அதனால் குளிர்நாட்டு 12-ஐயும் வெப்ப நாட்டு 5-ஐயும் பக்கத்தில் வைத்து எண்ணை மட்டும் ஒப்பிடுவது வீண். பாட்டிலுக்குள் வந்த பிறகு விஸ்கிக்கு வயதே ஏறுவதில்லை. அலமாரியில் இருபது வருஷம் பூட்டி வைத்தாலும் 12 வயது விஸ்கி 12 வயது விஸ்கிதான்.

ஸ்காட்ச் லேபிளில் இருக்கும் எண், கலந்தவற்றில் மிக இளையதன் வயது. எண் இல்லையென்றால் மோசம் என்று பொருள் இல்லை. இளைய விஸ்கியும் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். நிறத்தை நம்ப வேண்டாம். ஸ்காட்சில் கேரமல் நிறமூட்டி சேர்க்க அனுமதி உண்டு, ஆகவே அடர்த்தியான பழுப்பு வயதுக்குச் சாட்சி ஆகாது. ரம்மில் எண்ணையே நம்ப முடியாத பாட்டில்கள் உண்டு. சோலேரா என்ற முறையில் பழையதையும் புதியதையும் தொடர்ந்து கலக்கிறார்கள். லேபிளின் பெரிய எண் சில சமயம் அதில் கலந்த மிகப் பழைய துளியைக் குறிக்கும்.

பிராந்தியில், குறிப்பாகப் பிரான்சின் கோன்யாக்கில், லேபிளில் வரும் எழுத்துகளுக்குச் சட்டப்படி பொருள் உண்டு: விஎஸ் என்றால் குறைந்தது 2 ஆண்டு, விஎஸ்ஓபி 4, எக்ஸ்ஓ 2018 முதல் 10. விலை எக்ஸ்ஓவில் செங்குத்தாக ஏறும். தனியாக மெல்லக் குடிக்க விஎஸ்ஓபி, எதோடாவது கலக்க விஎஸ். அதற்கு மேல் போகக் காரணம் வேண்டும்.

கொடுத்த காசுக்கு நல்ல விஸ்கி வேண்டுமென்றால் நான் முதலில் பார்ப்பது அமெரிக்க போர்பன். சட்டப்படி அதில் பாதிக்கு மேல், அதாவது 51 சதவீதமாவது, மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்ளே கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். புது மரம் சீக்கிரம் வேலை செய்வதால் நாலைந்து ஆண்டிலேயே முழுமை வந்துவிடும். "பாட்டில்ட் இன் பாண்ட்" என்ற சொற்களைப் பார்த்தால் கவனியுங்கள். கலப்படம் மலிந்திருந்த காலத்தில், 1897-ல், வந்த சட்டம் அது: ஒரே வடிசாலை, ஒரே பருவம், அரசு கண்காணிப்பிலுள்ள கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு, சரியாக 50 சதவீத ஆல்கஹால். இவ்வளவு உறுதிமொழியோடு வரும் பாட்டில்கள் பல, விலைப் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. 50 சதவீதம் என்பதால் 40 சதவீதப் பாட்டிலைவிட அதில் தண்ணீரும் குறைவு, நீங்கள் ஊற்றிக்கொள்ளலாம்.

சுருக்கமாக: வோட்கா, ஜின், வெள்ளை டெகீலாவில் காத்திருப்புக்கு விலை இல்லை, அதனால் நடுத்தரப் பாட்டிலே போதும். விஸ்கியிலும் பிராந்தியிலும் காலத்துக்குக் காசு கொடுக்கிறோம். அந்தக் காலம் ருசியாக மாறுவது முதல் சில ஆண்டுகளில்தான் அதிகம்.

ஒயின்: ஊர்ப்பெயரின் விலை

ஒயினில் விலையைத் தூக்குவது முதலில் நிலம், அடுத்து ஓக். புகழ்பெற்ற வட்டாரத்தின் பெயர் லேபிளில் வந்துவிட்டால் சாதாரண ஒயினுக்கும் அந்தப் பெயருக்கான வரி ஏறிவிடும். ஆகவே அதே செய்முறையை, பெயர் குறைந்த இடத்தில் தேட வேண்டும்.

மிகத் தெளிவான உதாரணம் நுரைக்கும் ஒயின். ஷாம்பெயினின் குமிழிகள் பாட்டிலுக்குள்ளேயே நடக்கும் இரண்டாவது நொதித்தலால் வருபவை. ஸ்பெயினின் காவாவும் பிரான்சின் மற்ற வட்டாரங்களில் செய்யும் கிரேமானும் இதே முறைதான். பர்கண்டியின் கிரேமானில் ஷாம்பெயினில் போடும் அதே ஷார்டனே, பினோ நுவார் திராட்சைகளே இருக்கும். வித்தியாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன்: ஷாம்பெயின் குறைந்தது 15 மாதம் காத்திருக்க வேண்டும், காவாவுக்கு 9 மாதம் போதும், மண்ணும் குளிரும் வேறு. ஆனால் விலையில் இருக்கும் இடைவெளி ருசியில் இல்லை. இத்தாலியின் புரொசேக்கோ வேறு ரகம், அதில் இரண்டாவது நொதித்தல் பெரும்பாலும் பெரிய தொட்டியில் நடக்கிறது. அதனால் மலிவு, சுவையும் எளிமை.

அடுத்தது ஓக். பிரான்சின் பார்டோ வட்டாரத்தில் வழக்கமான பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும், ஏறக்குறைய 300 பாட்டில். புதிய பிரெஞ்சு ஓக் பீப்பாய் விலை உயர்ந்த சாமான். மூன்று நான்கு முறை பயன்படுத்தியதும் மரத்தின் மணம் தீர்ந்துவிடும். மலிவான ஒயினுக்கு இது கட்டாது. அங்கே ஓக் மணம் தூக்கலாக இருந்தால், தொட்டியில் ஓக் சில்லுகளை ஊறப்போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது சட்டவிரோதமும் அல்ல, கெடுதலும் அல்ல; ஆனால் திராட்சையின் குறையை மறைக்கப் போட்ட வாசனையாகப் பல சமயம் முடிகிறது. அதனால் குறைந்த விலையில் ஓக்கே தேவைப்படாத ஒயின்களை எடுப்பது புத்திசாலித்தனம். வெள்ளையில் ரீஸ்லிங், சாவின்யோன் பிளாங்க், ஷெனின் பிளாங்க், மஸ்கடே, சிவப்பில் போஜொலே.

லேபிளில் "ரிசர்வ்" என்றிருந்தால் எந்த நாடு என்று பாருங்கள். ஸ்பெயினின் ரியோகாவில் "ரிசர்வா" என்றால் சிவப்பு ஒயின் 3 ஆண்டு முதிர்ந்தது, அதில் ஓராண்டாவது பீப்பாயில். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை, யாரும் அச்சடித்துக்கொள்ளலாம். பாட்டிலின் கனமும் அடிக்குழியின் ஆழமும் தரத்தைச் சொல்லாது; கனமான கண்ணாடிக்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். திருகு மூடியைக் கண்டு முகம் சுளிக்கவும் வேண்டாம். கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம் ஒயினுக்கு ஈர அட்டையின் வாடையைக் கொடுத்துவிடும். திருகு மூடியில் அந்தத் தொல்லை ஏறக்குறைய இல்லை.

"பழைய ஒயின்" மோகத்தையும் இங்கேயே விட்டுவிடலாம். உலகில் செய்யப்படும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. மலிவான வெள்ளை ஒயினை ஏழு வருஷம் வைத்தால் கிடைப்பது களைத்துப்போன வெள்ளை ஒயின்.

வீணாவதும் செலவுதான். திறந்த ஒயின் சில நாளில் காற்றுப்பட்டுக் கெடும். பாதிப் பாட்டிலைக் கொட்டுகிறவருக்கு விலை இரட்டிப்பு. தனியாக, எப்போதாவது குடிப்பவருக்குப் பெட்டிக்குள் பை வைத்த ஒயின் நல்லது: ஊற்ற ஊற்றப் பை சுருங்குவதால் காற்று புகாது, திறந்து நாலு வாரம் தாங்கும், நிலைச்செலவும் குறைவு. உள்ளே இருப்பது நீண்ட முதிர்வுக்கான ஒயின் அல்ல, அந்த ஆசை வேண்டாம்.

பீர்: தேதியும் வெளிச்சமும்

பீரில் காசைவிடத் தேதி முக்கியம். ஹாப்ஸ் என்ற பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் அது சிதைந்து, அழுகிய வாடையடிக்கும் கந்தகச் சேர்மத்தை உண்டாக்கும். நிறமில்லாத பாட்டிலும் பச்சைப் பாட்டிலும் வெளிச்சத்தை அதிகம் தடுப்பதில்லை. பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், டின் முழுதும் தடுக்கும். இறக்குமதிப் பச்சைப் பாட்டிலுக்குக் கூடுதல் காசு கொடுத்து, கடை விளக்கில் மாதக்கணக்கில் நின்ற பீரைக் குடிப்பதைவிட, போன மாதம் அடைத்த உள்ளூர் டின் மேல்.

ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ போன்ற பீர் வகைகள் சில மாதத்திலேயே மங்கிவிடும். தேதி தெரியாவிட்டால் வாங்காதீர்கள். அடர்ந்த, ஆல்கஹால் கூடிய கறுப்பு பீர்களே காலத்தைத் தாங்கும். பெரிய ஆலைகளின் சாதாரண லாகரை இளக்காரமாகப் பேசுவது பீர் பிரியர்களின் வழக்கம். மெல்லிய சுவையுள்ள அந்த பீரில் சின்னப் பிழை நேர்ந்தாலும் மறைக்க இடமில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செய்வது கடினமான வேலை. "ஸ்டிராங்" என்ற சொல்லோ ஆல்கஹால் அளவைச் சொல்கிறது, தரத்தை அல்ல.

விலை நாக்கை ஏமாற்றும் விதம்

1976-ல் பாரிசில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஒயின் வணிகர் பிரெஞ்சு நடுவர்களுக்கு லேபிளை மறைத்து ஒயின் கொடுத்தார். சிவப்பு, வெள்ளை இரண்டிலும் அன்று பெயரே தெரியாத கலிபோர்னிய ஒயின்கள் முதலிடம் பிடித்தன. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில் 6,000-க்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளை அலசினார்கள். பயிற்சி இல்லாதவர்கள் விலை கூடிய ஒயினுக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதே ஆண்டு கலிபோர்னியாவில் ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்து மூளையைப் படம் பிடித்தபோது, அதிக விலை சொன்னபோது இன்பத்தோடு தொடர்புள்ள பகுதி உண்மையிலேயே கூடுதலாக இயங்கியது.

அந்தக் கடைசி முடிவுதான் சுவாரசியம். விலை கூடியதை ரசிப்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு நிஜமாகவே ருசிக்கிறது. ருசி பாட்டிலிலிருந்து மட்டும் வரவில்லை.

தலைவலியும் கள்ளச்சரக்கும்

மறுநாள் தலைவலிக்கு முதல் காரணம் ஆல்கஹாலின் அளவு. நொதிக்கும்போதும் முதிரும்போதும் சேரும் மற்றப் பொருட்களைக் கான்ஜெனர் என்பார்கள். அவையும் தலைவலியைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் அவை அதிகம் இருப்பது மலிவான வோட்காவில் அல்ல, பீப்பாயில் முதிர்ந்த, நிறமேறிய ஸ்பிரிட்டுகளில். போர்பனையும் வோட்காவையும் ஒப்பிட்ட ஆய்வில் போர்பன் குடித்தவர்களே மறுநாள் அதிகம் அவதிப்பட்டார்கள்.

மலிவு வேறு, உரிமமில்லாத சரக்கு வேறு. கள்ளச்சரக்கில் மெத்தனால் கலந்திருக்கலாம். உடலில் அது பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், உயிரையும் வாங்கும். ருசித்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. இங்கே எந்தத் தந்திரமும் உதவாது, தொடாமல் இருப்பதே வழி. உரிமத்தோடு விற்கும் மதுவும் மருந்தல்ல: 1988-லேயே புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. விலை குறைந்ததைக் கண்டுபிடித்து, மிச்சமான காசுக்கு இன்னொரு பாட்டில் வாங்கினால் மிச்சம் எதுவும் இல்லை.

மூன்று கோப்பைச் சோதனை

விலை கூடிய பாட்டில் உங்களுக்கு உண்மையிலேயே பிடித்ததா என்று பார்க்க ஒரு வழி. நீங்கள் பார்க்காமல் வேறொருவர் ஒரே மாதிரியான மூன்று கோப்பைகளில் ஊற்றட்டும்: விலை கூடியது, மலிவானது இரண்டில் ஒன்றை இரண்டு கோப்பைகளில், மற்றொன்றை மூன்றாவதில். எது தனியானது என்று நீங்கள் சொல்ல வேண்டும். எந்தக் கோப்பையில் எது, இரண்டு பாட்டிலில் எது இரட்டையாக வரும் என்பதை அவர் ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும். மூன்றும் ஒரே குளிர்ச்சியில் இருக்க வேண்டும். குளிர்ச்சி கூடினால் மணம் அடங்கிப்போய் எல்லாம் ஒன்றாகத் தெரியும். ஒரு மிடறு போதும், துப்பிவிடுங்கள், ஒயின் நடுவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஆறு முறை செய்தால் வெறும் ஊகத்திலேயே இரண்டு சரியாகிவிடும். ஐந்தோ ஆறோ சரியாக வந்தால் வித்தியாசம் உங்கள் நாக்குக்குத் தெரிகிறது. அப்போது இரண்டில் எது பிடித்தது என்று கேட்டு, அதன் பிறகு விலையைப் பாருங்கள். இரண்டு மூன்றோடு நின்றால், அடுத்த முறை மலிவானதையே எடுங்கள்.